பெடலுக்குள் முனகுவது யார்?

மலேசிய மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. சுவர் பிளக்கில் வரும் கரண்டு நொடிக்கு 50 சுற்று அலைகிறது. கிட்டாரைப் பெடல்கள் வழியாக ஆம்ப்ளிஃபயரில் சொருகி, தந்தியைத் தொடாமல் ஒலியளவை மட்டும் ஏற்றினால் 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கலந்த ஒலி அது. ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்தால் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரையை எட்டாமல் நிற்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே சுருதிதான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே முனகல் ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் சரியாக நடுவில் விழுகிறது. எந்தக் கட்டையோடும் சேராது.

முனகல் தனியாக வருவதில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல், 'கீஈஈ' என்ற கீச்சு, குமிழைத் திருகும்போது 'கரகர', சில இரவுகளில் யாரோ ஒரு வானொலி அறிவிப்பாளரின் குரல் என்று கூட்டமாகவே வரும். இளைஞர்கள் இவை எல்லாவற்றுக்கும் 'நாய்ஸ்' என்று ஒரே பெயர் வைத்து, ஒரே மருந்தாக 'நாய்ஸ் கேட்' என்ற இன்னொரு பெடலைக் கடையில் வாங்கி வருகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு இயற்பியல். உள்ளே நுழையும் வாசலும் வேறு வேறு.

இதைப் பேசப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பொருத்தமான இடம். பினாங்கு மாநில முதல்வராக லிம் சோங் இயூ இருந்த காலத்தில், 1972இல், இங்கே தீர்வையற்ற தொழில் மண்டலம் பிறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்டு, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, லிட்ரோனிக்ஸ், கிளாரியன், போஷ் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று சொல்வார்கள். வயலும் கம்பமுமாக இருந்த மண்ணில் சிப்புகளை உறையிலிட்டுக் கால் பொருத்திச் சோதிக்கும் வேலை வந்தது. ஹியூலெட் பேக்கார்டின் அளவீட்டுப் பிரிவு பின்னால் அஜிலன்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆனது. மோட்டோரோலாவின் வாக்கி டாக்கி வேலைகளும் இங்கே நடக்கின்றன. இந்த ஆலைகளில் இரைச்சலை அளப்பதும் குறைப்பதும் அன்றாடத் தொழில். பகலில் மைக்ரோவோல்ட்டை எண்ணும் ஆள், மாலையில் ரெலாவ் ஃபிளாட்டில் ஆறு பெடல்களை ஒரே மலிவு அடாப்டரில் தொங்கவிட்டு "ஏன் இப்படி இரையுது?" என்று கேட்பது வேடிக்கைதான்.

பினாங்குத் தமிழருக்கு மின் இசை புதிதும் இல்லை. 1970களிலும் 80களிலும் மலாய் பாப் உலகை ஆண்ட அலிகேட்ஸ் குழுவின் முகங்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் இந்தத் தீவின் சகோதரர்கள். பெடல்களுக்கும் இந்த நாட்டோடு தொடர்பு உண்டு. ரோலண்டின் பாஸ் பெடல் ஒன்றை இன்று புதிதாக வாங்கிப் புரட்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் மலேசியாவில் செய்தது என்றிருக்கும். ஆலை பினாங்கில் இல்லை, சிலாங்கூரின் ஷா ஆலமில்.

முனகலிலிருந்து தொடங்கலாம். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியிருக்கும். இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தப்புலத்தை அசைத்தது தந்தியா, சுவருக்குள் ஓடும் ஒயரா, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரா என்று சுருளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பிடித்து உள்ளே அனுப்பிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க கருவி வேண்டாம். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் முனகல் ஏறும், அதிலிருந்து கால் சுற்று திரும்பினால் இறங்கும். அப்படியானால் குற்றவாளி காந்தப்புலம், வாசல் பிக்கப். இதற்குப் பெடலை மாற்றிப் பயனில்லை. ஒற்றைச் சுருளின் இந்தக் குறையைத் தீர்க்க கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது வழங்கப்பட்டது. இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் ஒலிக்கோ சுருளும் எதிர், காந்தமும் எதிர் என்பதால் இரண்டும் கூடிவிடும். ஹம்பக்கர் என்ற பெயர் இன்று கிட்டார் கடைகளில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். கிட்டாரின் உள்குழியில் செப்பு டேப் ஒட்டினால் முனகல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். செம்பு மின்புலத்தைத் தடுக்கும். குழல் விளக்கு, விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர், மலிவு எல்.ஈ.டி. டிரைவர் ஆகியவை எழுப்பும் 'ஜ்ஜ்ஜ்' என்ற கூர்மையான ஒலி பெரும்பாலும் மின்புலமாக வருவது, அதற்கு டேப் உதவும். தந்தியைக் கையால் தொட்டதும் அந்த ஒலி அடங்குகிறதென்றால் அதுவே அடையாளம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் வேறு ஜாதி. அந்த அதிர்வெண்ணில் செம்புக்குள் புலம் ஓரளவு தேய்வதற்கே 9 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு வேண்டும். டேப்போ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. காந்தப்புலத்துக்கு அது இருப்பதே தெரியாது.

காந்தப்புலத்துக்கு எதிரான மலிவான ஆயுதம் தூரம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விலக விலகப் புலம் மிக வேகமாகச் சாகிறது. தூரத்தை இரட்டித்தால் தோராயமாக எட்டில் ஒரு பங்காகிவிடும். பெடல் பலகையின் அடியில் பவர் சப்ளையை ஒட்டுபவர்கள் அதற்கு நேர் மேலே வா பெடலை வைத்துவிடுவதுண்டு. வா பெடலின் வயிற்றில் ஒரு இன்டக்டர், அதாவது இன்னொரு செப்புச் சுருள் இருக்கிறது. அதுவும் பிக்கப் செய்யும் வேலையையே செய்யும். ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும், ஆளையே மாற்றியதுபோல் அமைதியாகிவிடும்.

அடுத்த வாசல் மின்சாரம் வரும் வழி. என் கணக்கில், பெடல் பலகைகளில் கேட்கும் தொல்லையில் பெரும்பங்கு இதில்தான். பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகின்றன. ஒரு அடாப்டரிலிருந்து ஐந்தாறு கிளை பிரியும் ஒயரை எல்லாரும் 'டெய்சி செயின்' என்பார்கள். விலை குறைவு, இடம் அடைக்காது. சிக்கல் என்னவென்றால், பெடலுக்குள் 9 வோல்ட்டின் நெகட்டிவும் கிட்டார் சிக்னலின் கிரவுண்டும் ஒன்றுதான். ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பெடல்கள் இரண்டு வழியில் கைகோர்க்கின்றன: பேட்ச் கேபிளின் உறை வழியாக ஒன்று, கரண்டு ஒயர் வழியாக இன்னொன்று. வளையம் முடிந்துவிட்டது. மூடிய வளையம் என்றால் அதுவும் ஒரு சுற்றுச் சுருள். பக்கத்திலுள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கும்.

அதைவிட மோசம், பகிர்ந்துகொள்ளும் ஒயரில் ஓடும் கரண்டு. ஒரு பழைய மாதிரி ஓவர்டிரைவ் பெடல் 5 முதல் 10 மில்லிஆம்பியர் குடிக்கும். டிஜிட்டல் டிலே ஒன்று 100, 200, சில 300 மில்லிஆம்பியர் கூடக் குடிக்கும், அதுவும் சீராக இல்லாமல் விட்டு விட்டு விழுங்கும். அடுக்குமாடியில் ஒரே குழாயில் தண்ணீர் எடுக்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டால் மேல்வீட்டில் குழாய் இருமும். கணக்காகச் சொன்னால், ஒயரிலும் பிளக்கிலும் வெறும் 0.1 ஓம் தடை இருந்து, அதில் 100 மில்லிஆம்பியர் ஏறி இறங்கினால் கிரவுண்டே 10 மில்லிவோல்ட் ஆடும். கிட்டாரின் சிக்னலே 100 மில்லிவோல்ட் அளவுதான். பத்தில் ஒரு பங்கு குப்பையை வாசலிலேயே கலந்துவிட்டு, பிறகு பெருக்கிப் பெருக்கி அனுப்புகிறோம்.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு வாய்க்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்று கொண்ட பவர் சப்ளை. கடைக்காரர்கள் 'ஐசோலேட்டட்' என்பார்கள். பாசார் மாலாமிலும் ஆன்லைனிலும் அந்தச் சொல்லைப் பெட்டியில் அச்சடித்து விற்பவற்றில் சில உள்ளே சாதாரண டெய்சி செயின்தான். மல்டிமீட்டர் இருந்தால் ஏமாற வேண்டியதில்லை. பவர் சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றி, பெடல் எதையும் மாட்டாமல், இரண்டு வாய்களின் நெகட்டிவ் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். 'பீப்' என்றால் இரண்டும் உள்ளே ஒன்று. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது தனி வாய் கிடையாது. மல்டிமீட்டர் இல்லாதவர் சந்தேகப்படும் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். பேட்டரியில் அமைதி, அடாப்டரில் இரைச்சல் என்றால் பெடல் நிரபராதி.

'கீஈஈ' என்ற கீச்சு தனிக் கதை. சில பெடல்களுக்கு 9 வோல்ட் போதாது. உள்ளேயே ஒரு சிறு சிப்பை வைத்து அதை 18 வோல்ட்டாகவோ மைனஸ் 9 வோல்ட்டாகவோ மாற்றிக்கொள்ளும். ஒரு கெபாசிட்டரை நிரப்பி, எடுத்துப்போய் இன்னொன்றில் கொட்டி, திரும்பத் திரும்ப இதையே செய்யும் சிப் அது. ஐசிஎல்7660 என்ற பிரபலமான பழைய சிப்பில் இந்த வேலையை ஓட்டும் கடிகாரம் நொடிக்குச் சுமார் 10,000 முறை துடிக்கும். 10,000 ஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு நன்றாகவே கேட்கும். லீனியர் டெக்னாலஜி கம்பெனியின் எல்டி1054 சுமார் 25,000 ஹெர்ட்ஸில் ஓடும். காதின் எல்லையான 20,000ஐத் தாண்டிவிட்டது. பெடல் செய்பவர்கள் முன்னதைக் கழற்றிப் பின்னதை வைப்பதன் ரகசியம் அவ்வளவுதான். அந்த லீனியர் டெக்னாலஜியின் சிப்புகளுக்கு உறையிட்டுக் கால் பொருத்தும் ஆலை இருந்த ஊர் பினாங்கு. 2017இல் கம்பெனியை அனலாக் டிவைசஸ் வாங்கிக்கொண்டது.

ஆனால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணும் தொல்லை தரும். ஒரு கோரஸ் பெடலின் கடிகாரம் 31,000 ஹெர்ட்ஸ், பக்கத்து டிலேயின் கடிகாரம் 33,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இரண்டும் ஊமை. ஒரே கரண்டு ஒயரில் இரண்டும் கலந்து எங்காவது ஒரு டிரான்சிஸ்டரில் மோதினால் வித்தியாசமான 2,000 ஹெர்ட்ஸ் பிறந்து கீச்சிடும். ஒன்றை அணைத்தால் நின்றுவிடும், எதை அணைத்தாலும் நின்றுவிடும். பழுது பார்ப்பவரிடம் ஒற்றைப் பெடலை எடுத்துப் போனால் அவர் "ஒன்றும் இல்லையே" என்று திருப்பித் தருவார். அவர் சொல்வது உண்மை. இதற்கும் மருந்து தனித்தனி வாய்தான்.

கிளாரியனும் போஷும் கார் ரேடியோ செய்த இடம் பாயான் லெப்பாஸ். கார் ரேடியோக்காரர்கள் இதே போரை ஏற்கெனவே நடத்தியவர்கள். ஸ்பார்க் பிளக்கின் படபடப்பும், ஆல்டர்னேட்டரின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சும் ஸ்பீக்கருக்கு வராமல் தடுக்க அவர்கள் கண்ட வழிகள் இரண்டு: கரண்டு நுழையும் இடத்திலேயே வடிகட்டுவது, எல்லா கிரவுண்டையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது. பெடல் பலகைக்கும் இதைவிடப் புதிதாக யாரும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இனி சீறல். இதுதான் விஷயத்தின் சுவையான பகுதி, ஏனென்றால் முழுக்க ஒழிக்க முடியாதது இது ஒன்றே. 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அளந்து காட்டி, ஹாரி நைகுவிஸ்ட் கணக்குப் போட்டு விளக்கியது: தடை உள்ள எந்தப் பொருளிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் தாறுமாறாக ஆடுகின்றன, அந்த ஆட்டமே ஒரு சிறு மின்னழுத்தம். பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சூடு இருந்தாலே போதும். 8,000 ஓம் பிக்கப் ஒன்று, பாயான் லெப்பாஸின் 30 டிகிரி வெயிலில், காது கேட்கும் வீச்சு முழுவதும் சேர்த்துச் சுமார் 1.6 மைக்ரோவோல்ட் சீறலைச் சும்மா இருக்கும்போதே தருகிறது. சிக்னல் 100 மில்லிவோல்ட். இடைவெளி அறுபதாயிரம் மடங்குக்கு மேல், அதாவது 96 டெசிபெல் அளவு. இவ்வளவு அமைதியான இடத்தில் தொடங்குகிற சங்கதி, ஸ்பீக்கரில் எப்படி மழைபோல் கொட்டுகிறது?

டிஸ்டார்ஷன் பெடல் செய்வது இதுதான். சிக்னலை ஆயிரம் மடங்கு பெருக்குகிறது. 100 மில்லிவோல்ட் 100 வோல்ட்டாக வேண்டும். ஆனால் உள்ளே இரண்டு டையோடுகள் வழிமறித்து 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாமல் தலையை வெட்டிவிடுகின்றன. அந்த வெட்டுதான் டிஸ்டார்ஷனின் ருசி. சீறலுக்கோ வெட்டு கிடையாது. அது 1.6 மைக்ரோவோல்ட்டிலிருந்து முழு ஆயிரம் மடங்கும் வளர்ந்து 1.6 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. 96 டெசிபெல் இடைவெளி 51 ஆகச் சுருங்கிவிட்டது. பெடல் புதிதாக ஒரு துளி இரைச்சலைச் சேர்க்கவில்லை என்று வைத்தே இந்தக் கணக்கு. இப்போது தலா நூறு மடங்கு பெருக்கும் இரண்டு பெடல்களை அடுத்தடுத்துப் போட்டால் பத்தாயிரம் மடங்கு. இடைவெளி 31 டெசிபெல். தந்தியின் ஒலி தேயத் தேயச் சீறல் மேலே வந்து நிற்கும். ஆகவே கெயின் குமிழை மூன்று மணி நிலையிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்குவதைவிடச் சிறந்த இரைச்சல் ஒழிப்பான் எந்தக் கடையிலும் கிடையாது. மேடையில், டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு, அந்தக் குறைந்த கெயின்தான் தெளிவாகவும் கேட்கும்.

பெடல்களின் வரிசை ஏன் முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1944இல் ரேடியோ ரிசீவர்களுக்காக ஒரு சூத்திரம் வெளியிட்டார். தொடராக நிற்கும் ஆம்ப்ளிஃபயர்களில் முதலாவதன் இரைச்சல் முழுதாகக் கணக்கில் சேரும். இரண்டாவதன் இரைச்சல், முதலாவது எவ்வளவு பெருக்குகிறதோ அவ்வளவால் வகுபட்டுச் சிறுத்துச் சேரும். மூன்றாவது இன்னும் சிறுக்கும். முதல் ஆள் சுத்தமானவராக இருந்துவிட்டால் பின்னால் வருபவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வாக்கி டாக்கியிலிருந்து ரேடியோ தொலைநோக்கி ஆன்டெனா வரை எல்லாம் இதன்படியே கட்டப்படுகிறது. பெடல் பலகையில் இதன் பொருள்: சீறும் பழைய கோரஸையும் ஃபேஸரையும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் அவற்றின் சீறலும் ஆயிரம் மடங்கு பெருகும். பின்னால் வைத்தால் பெருகாது. ஒலிக்காக முன்னால் வைக்க விரும்புபவர்கள் உண்டு. வைக்கட்டும், விலை தெரிந்து வைக்கட்டும். கம்ப்ரஸரையும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. ஒலி அடங்கும் இடைவெளிகளில் கெயினை ஏற்றுவதுதான் அதன் தொழில். ஏறுவதற்கு அங்கே சீறல் மட்டுமே மிச்சம் இருக்கும்.

சிப்பை மாற்றினால் அமைதியாகுமா என்று சாலிடரிங் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தரவுத்தாளில் என்இ5532 என்ற சிப்பின் இரைச்சல் எண் 5, டிஎல்072க்கு 18. எண்ணைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆனால் அந்த எண் தடை குறைந்த மூலத்துக்குப் பொருந்துவது. பிக்கப் சுருளின் தடை, அதன் ஒத்ததிர்வு விழும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு லட்சம் ஓமைத் தாண்டிவிடும். என்இ5532 தன் உள்வாயில் சிந்தும் சிறு இரைச்சல் கரண்டு அந்த ஒரு லட்சம் ஓமில் பாய்ந்தால் 70 என்ற அளவுக்குப் போகிறது. டிஎல்072 கிட்டத்தட்ட எதையும் சிந்துவதில்லை. அதன் 18 பதினெட்டாகவே நிற்கிறது. கிட்டார் நேராக நுழையும் முதல் படியில் 'சத்தமான' சிப்தான் அமைதி. பழைய வாசனைக்காகக் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரைத் தேடி வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: கரண்டு ஓடும்போது அவை வெப்பச் சீறலுக்கு மேல் தம் பங்குக்கு இன்னொரு சீறலைத் தரும். மெட்டல் ஃபிலிம் விலை குறைவு, சத்தமும் குறைவு.

வானொலி அறிவிப்பாளர் நுழைவது நீண்ட கேபிளை ஆன்டெனாவாக்கிக்கொண்டு. பெடலின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அலையின் ஒரு பாதியை வெட்டி, பழங்கால ரேடியோபோலவே குரலைப் பிரித்தெடுத்துவிடும். ஃபஸ் பெடல்களில் இது சகஜம். உள்வாயில் தொடராக 10 கிலோஓம் ரெசிஸ்டரும், கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட் கெபாசிட்டரும் வைத்தால் 1,60,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாம் தேயத் தொடங்கும், இசைக்குச் சேதமில்லை. கைப்பேசி 2ஜி-யில் பேசும்போது வரும் 'டிட் டிட் டிட்' நொடிக்கு 217 முறை துடிப்பது; அதற்குக் கைப்பேசியை ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து எடுப்பதே போதும். 'கரகர' பற்றிப் பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த ஈரக்காற்றில் ஜாக்கும் பிளக்கும் கறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்து முறை சொருகி எடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் சிக்கனமும் சாமர்த்தியமும் கூடாது. கிரவுண்டு வளைய முனகலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைத் துண்டித்துவிடும் பழக்கம் பல மேடைகளில் இருக்கிறது. எர்த் ஓட்டையில் பேனா மூடியைச் செருகி இரண்டு பின் பிளக்கை நுழைக்கும் ஊர் நம்முடையது. அதனால் இது யாருக்கும் பெரிய தப்பாகத் தோன்றுவதில்லை. முனகல் நிற்கும், உண்மைதான். அதன் பிறகு ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதாவது ஒயர் அறுந்து சட்டத்தைத் தொட்டால் 230 வோல்ட் பயணிக்கக் காத்திருக்கும் பாதை, தந்தியைப் பிடித்த கையும் மைக்கைத் தொடும் உதடும்தான். 1972 மே 3 அன்று, வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் முன்னிலையில் இறந்தார். வளையத்தை உடைக்க வேண்டுமானால் சிக்னல் பாதையில் உடையுங்கள்: ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு சிறு பெட்டி போதும். சுவரிலுள்ள எர்த்தை ஒருபோதும் தொடாதீர்கள்.

கடைசியாக நாய்ஸ் கேட். வாக்கி டாக்கியில் 'ஸ்குவெல்ச்' என்று ஒரு குமிழ் உண்டு. எதிர்முனை பேசாதபோது ஸ்பீக்கரை அடைத்து வைக்கும், சிக்னல் ஒரு வரம்பைத் தாண்டினால் திறக்கும். நாய்ஸ் கேட்டும் அதேதான். ஒலி இருக்கும்போது இரைச்சலை அது குறைப்பதே இல்லை. ஒலி இல்லாதபோது கதவைச் சாத்துகிறது, அவ்வளவே. 1987இல் வந்த பாஸ் என்எஸ்-2 போன்றவற்றில் ஒரு நல்ல யுக்தி இருக்கிறது. பெட்டியில் நான்கு வாய்கள். கிட்டாரின் சுத்தமான ஒலியைக் காதால் கேட்டு, இரைச்சலான டிஸ்டார்ஷன் பெடல்களைத் தன் வளையத்துக்குள் வைத்துக்கொண்டு, அந்த வளையத்தின் வாயை மட்டும் அடைக்கும். சுத்தமான ஒலியைக் கொண்டு முடிவெடுப்பதால் தடுமாற்றம் குறைவு. டிலேயும் ரிவெர்பும் இதற்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் நின்றால் எதிரொலியின் வால் வெட்டுப்படும்.

நம் இசைக்குக் கேட் இன்னொரு விதத்திலும் ஆகாது. கர்நாடக இசையை மின் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவையோ, மின் மாண்டலினில் வாசித்த உ. ஸ்ரீநிவாஸையோ கேட்டவர்களுக்குத் தெரியும், தந்தியைத் தட்டிய பிறகு ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதுதான் கமகத்தின் பாதி உயிர் ஓடுகிறது. கேட்டுக்கு அந்த வால் வெறும் 'வரம்புக்குக் கீழுள்ள சிக்னல்'. தயங்காமல் வெட்டிவிடும். மெட்டல் இசையில் வெட்டி வெட்டி நிற்கும் தாளத்துக்கு அது வரம், ஆலாபனைக்கு எமன்.

ஆகவே இரைச்சல் வந்தால் கடைக்குப் போகும் முன் எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு, ஒரே கேபிளில் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகிக் கேளுங்கள். அங்கேயே முனகினால் பிக்கப்பையும் அறையின் ஒயரிங்கையும் பாருங்கள். அமைதியாக இருந்தால் ஒவ்வொரு பெடலாகப் பேட்டரியில் சேர்த்து வாருங்கள், பிறகு அடாப்டரில். எந்த இடத்தில் இரைச்சல் நுழைகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான்கு பெடலுக்கு மேல் வைத்திருப்பவர் கையில் ஒரு கேட் வாங்கும் காசு இருந்தால், அதைத் தனித்தனி வாய் உள்ள நல்ல பவர் சப்ளையில் போடுவதே சரி. அதை மாட்டிய பிறகு பலருக்குக் கேட் தேவைப்படுவதில்லை.